கொறங்காட்டில் ஒரு மாதம் புல் அளந்தேன்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மேய்வது 32 மேச்சேரி ஆடுகள். ரெண்டு வருஷமாகவே புல் மெலிந்துகொண்டு வந்தது. ஆடு அதிகமாகிவிட்டது, பத்தை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. விற்பதற்கு முன்னால், காரணம் ஆட்டின் எண்ணிக்கைதானா, மேய்க்கும் விதமா என்று சோதித்துப் பார்க்க நினைத்தேன்.

ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை. புல் ஒன்றரைச் சாண் வந்ததும் வலை கட்டி ரெண்டு ஏக்கரைப் பிரித்தேன். தெற்கு ஏக்கரில் 8 ஆடு, 30 நாளும் அங்கேயே. வடக்கு ஏக்கரில் 24 ஆடு, 10 நாள் மட்டும். அப்புறம் அந்த 24-ஐயும் மீதிக் காட்டுக்கு மாற்றிவிட்டேன். கணக்குப் போட்டால் ரெண்டிலும் மேய்ச்சல் ஒரே அளவுதான். ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி முள் போட்டு, ஆடே நுழையாமல் அடைத்தேன்.

பத்தாம் நாள் வடக்கைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. தூர் எல்லாம் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. தெற்கு அப்போது பச்சையாகத்தான் தெரிந்தது.

முப்பதாம் நாள் நிலைமை தலைகீழ். வடக்கில் புல் ஒரு சாணுக்கு மேல் சீராக எழும்பியிருந்தது. தெற்கில் குனிந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சில தூர்களில் இரண்டு விரல் புல்தான் மிச்சம். அதற்குப் பக்கத்திலேயே முற்றிக் கதிர்விட்ட தாள் வாய்படாமல் நிற்கிறது. கடித்த இடத்தில் நாலைந்து நாளில் இளந்துளிர் வருகிறது, ஆடு அதையே தேடி வந்து திரும்பக் கடிக்கிறது. எட்டு ஆடுதானே என்று நான் நினைத்திருந்தேன். அந்தத் தூருக்கு அது எட்டு ஆடு இல்லை.

ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்தில் ஒரு சதுர மீட்டர் அறுத்துக் காயவைத்து நிறுத்தேன். வடக்கில் சராசரி 110 கிராம், தெற்கில் 70. தெற்கில் பாதி வெறும் தாள். முள் போட்டு அடைத்த இடத்தில் எடை அதிகம்தான், ஆனால் பழைய தாள் அடர்ந்து நிழல் கட்டியதால் அடியில் புதுத் துளிர் ரொம்பக் குறைவு.

தூரைத் தோண்டியும் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கடிபட்ட தூரின் வேர் குட்டையாக, மெலிந்து, கையோடு வந்துவிட்டது. இலையில் பாதிக்கு மேல் ஒரே வெட்டில் போனால் பல புல் வகைகளில் வேர் வளர்ச்சி சில நாள் நின்றேவிடும் என்று 1955-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட, கிரைடர் என்பவரின் ஆய்வு சொல்கிறது. வடக்கிலும் வேர் நின்றிருக்கும். ஆனால் இலை மீள அதற்கு 20 நாள் கிடைத்தது. தெற்குத் தூருக்கு அந்த இடைவெளி கிடைக்கவே இல்லை.

சின்ன வயதில் படலைத் திறக்கும்போதெல்லாம் அப்பாரு (தாத்தா), "தூரைப் பாத்து ஓட்டு சாமி" என்பார். ஆடு மிதித்துவிடாமல் பார்க்கச் சொல்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: தெற்கில் சரளை கொஞ்சம் அதிகம். அதனால் அடுத்த மழைக்கு ரெண்டையும் இடம் மாற்றி, வடக்கில் 8, தெற்கில் 24 விட்டு அளக்கப் போகிறேன். அப்போது பத்து நாள் வேண்டாம், புல் ஆறு விரலுக்குக் குறைந்ததும் அந்த 24-ஐயும் வெளியே ஓட்டிவிடுவேன். அதுவரை ஆடு விற்கும் பேச்சை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.