ஜான் ஜாக்கின் கல்லும் மிடில்செக்ஸ் கவுண்டி ஏடுகளும்

பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் தடத்து ரயிலைப் பிடித்தால் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் கான்கார்டு வந்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் பழைய ஊர். இங்கே வருகிறவர்கள் முதலில் வடக்குப் பாலத்துக்குப் போவார்கள். அமெரிக்கப் புரட்சிப் போரின் முதல் நாளான 1775 ஏப்ரல் 19 அன்று ஆங்கிலேயப் படையும் ஊர்க்காரர்களும் மோதிக்கொண்ட இடம் அது. அப்புறம் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டத்தில் எழுத்தாளர்கள் எமர்சனும் தோரோவும் அடக்கமாகியிருக்கும் மேட்டில் ஏறி இறங்குவார்கள். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். இந்த முறை அந்தப் பக்கம் போகாமல், ஊர் நடுவில் மான்யுமென்ட் சதுக்கத்தை ஒட்டியிருக்கும் ஓல்டு ஹில் குன்றில் ஏறினேன். அங்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

பழைய கல்லறைகளிலும் ஏடுகளிலும் மனிதர்களைத் தேடும் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தன் குடும்பத்தைப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தேடி எடுத்து, பெரிய பெரிய கோப்புகளாக அடுக்கி வைத்திருக்கிறார். நான் கல்லறைக்குப் போகிறேன் என்றதும் கையடக்கமான முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். "எழுத்து மங்கியிருந்தால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல் மேல் திருப்பி அடி, தெரியும். ஷேவிங் கிரீம், சுண்ணாம்பு எதையும் தடவிவிடாதே, கல் கெட்டுப்போகும்" என்றார். கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது. சாய்வாக ஒளி விழுந்தவுடன், மொட்டையாகத் தெரிந்த கல்லில் பெயரும் ஆண்டும் எழுந்து வந்தன.

நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் உள்ள பழைய கல்லறைகளில் பெரும்பாலானவை ஸ்லேட் கற்கள். முந்நூறு ஆண்டுகள் ஆனாலும் வெட்டு கூர்மையாக இருக்கும். பின்னால் வந்த சலவைக்கற்கள்தான் மழையில் கரைந்து, எழுத்தெல்லாம் போய் நிற்கின்றன. கல்லின் தலைப்பகுதியைப் பார்த்தே காலத்தைக் கணிக்கலாம். மிகப் பழையவற்றில் சிறகு முளைத்த மண்டை ஓடு இருக்கும். அடுத்து சிறகுள்ள தேவதை முகம் வரும். 1800-ஐ நெருங்கும்போது கலசமும் அதன் மேல் சாய்ந்த வில்லோ மரமும் வந்துவிடும். பல கற்களில் இறந்தவரின் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிறப்புப் பதிவு தொலைந்திருந்தாலும் பின்னோக்கிக் கழித்தால் பிறந்த தேதி கிடைத்துவிடும். பெண்களின் கற்களில் 'ரெலிக்ட்' என்றிருந்தால் கணவர் முன்பே இறந்திருக்கிறார். 'கான்சார்ட்' என்றிருந்தால் அவர் அப்போது உயிரோடு இருந்தார். இப்படி ஒரு வரிசையை நடந்து முடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் பாதி கதை கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் கல் வைக்கக் காசு வேண்டும், வைக்க ஆளும் வேண்டும். குன்றின் பின்பக்கச் சரிவில், கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் ஒரு கல்லைத் தேடித்தான் நான் வந்தேன். ஜான் ஜாக்கின் கல். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், 1773 மார்ச்சில் ஏறத்தாழ 60 வயதில் இறந்தார் என்கிறது கல். மேலே இருக்கும் வரிகளை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்:

"கடவுள் நம்மை விடுதலையாக வைக்க நினைக்கிறார். மனிதன் அடிமையாக வைக்க நினைக்கிறான். கடவுள் நினைப்பதே என் நினைப்பும். அவர் சித்தம் நடக்கட்டும்."

இன்னும் கீழே போனால், அடிமை நாட்டில் பிறந்தும் சுதந்திரனாகப் பிறந்தான், சுதந்திர நாட்டில் வாழ்ந்தும் அடிமையாக வாழ்ந்தான் என்று வருகிறது. நேர்மையான, ஆனால் திருடப்பட்ட உழைப்பால், அடிமைத்தனத்துக்கு ஊற்றான பொருளைச் சேர்த்து அதைக் கொண்டே விடுதலை பெற்றான் என்றும் சொல்கிறது. அந்தப் பொருள் பணம்தான். "திருடப்பட்ட உழைப்பு" என்று 1773-இல் ஒருவர் கல்லில் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குக் கால் நகரவில்லை. முதலில் வைத்த கல் உடைந்துபோய், 1830 வாக்கில் அதே வாசகத்தோடு புதிதாக நட்டார்கள்.

இதை எழுதியவர் டேனியல் பிளிஸ் என்ற வழக்கறிஞர். இங்கிலாந்து அரசர் பக்கம் நின்றவர். ஊரெல்லாம் சுதந்திரம் என்று முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த முழக்கத்தைக் குத்திக்காட்டவும்தான் இப்படி எழுதினார். 1775-இல் போர் வெடிப்பதற்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருடைய சொத்து பறிமுதல் ஆனது. உள்நோக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஊரில் வேறு யாரும் அடிமையாக இருந்த ஒருவருக்கு இப்படிக் கல் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன்.

கல் ஜாக்கின் சாவைச் சொல்கிறது. அவர் வாழ்க்கை கவுண்டி ஏடுகளில் இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. மிடில்செக்ஸ் கவுண்டி 1643-இல் உருவானது. நிலப் பத்திரங்களின் பதிவகம் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. பழைய உயில், சொத்துப் பட்டியல் கோப்புகளைப் பார்க்க பாஸ்டன் கொலம்பியா பாயின்ட்டில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்புக் கணக்கு அந்தந்த ஊர் எழுத்தரிடம். மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவு வந்தது 1841-இல்தான். மக்கள்தொகைக் கணக்கை நம்பி இறங்கினால் பழைய தலைமுறைகள் கிடைக்காது. 1790-இல் எடுத்த முதல் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் எழுதத் தொடங்கியது 1850-இல். அப்போதும் தென் மாநில அடிமைகளைத் தனிப் பட்டியலில், பெரும்பாலும் பெயரே இல்லாமல், உடையவர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் போன்றவற்றை மட்டும் குறித்து வைத்தார்கள்.

நிலப் பதிவுகளைத் தேடும் முறை நம் ஆட்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். விற்றவர் பெயருக்கு ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அட்டவணை. பெயரைப் பிடித்து, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் குறித்துக்கொண்டு மூலப் பத்திரத்துக்குப் போக வேண்டும். வில்லங்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எல்லை சொல்லும் விதம்தான் வேறு: இந்த வெள்ளை ஓக் மரத்திலிருந்து அந்தக் கற்குவியல் வரை இத்தனை ராடு என்று போகும். ஒரு ராடு பதினாறரை அடி.

ஜாக் முதன்முதலில் ஏட்டில் வருவது ஒரு சொத்துப் பட்டியலில். கான்கார்டில் செருப்பு தைக்கும் தொழில் செய்த பெஞ்சமின் பாரன் 1754-இல் இறந்தபோது, அவருடைய உடைமைகளை மதிப்பிட்டுக் கவுண்டி நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். வீட்டுச் சாமான்களைப் பட்டியலிட்ட அதே கை, ஜாக் என்ற நீக்ரோ வேலையாள், 120 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அடுத்து வயலட் என்ற நீக்ரோ வேலைக்காரி. மதிப்பு எதுவும் இல்லை.

அந்த வரியைப் பற்றி எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வயதாகிவிட்டதா, நோயா, எதற்காக அப்படி எழுதினார்கள் என்று பட்டியல் சொல்வதில்லை. ஓர் ஆளைப் பார்த்து, விலை யோசித்து, ஒன்றுமில்லை என்று மை தொட்டு எழுதியிருக்கிறார்கள். அதே நேரத்தில் இன்னொன்றும் உண்மை. அந்தப் பட்டியல் இல்லையென்றால் வயலட் அந்த வீட்டில் இருந்தாள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1761-இல், ஜாக்கின் பெயர் பத்திரத்தின் இன்னொரு பக்கத்தில் வருகிறது, வாங்கியவராக. விற்றவர் பெஞ்சமின் பாரனின் மகள் சுசன்னா. 'கிரேட் ஃபீல்டு' என்று ஊர்க்காரர்கள் சொன்ன பொதுப் பெருவெளியில் நான்கு ஏக்கர் உழவு நிலம். 120 பவுண்டு என்று மதிப்பிடப்பட்டவர், தன்னை உடைமையாக வைத்திருந்த குடும்பத்திடமிருந்தே நிலம் வாங்கியிருக்கிறார். செருப்புத் தைத்தும், அடுத்தவர் வயலில் கூலிக்குப் போயும் சேர்த்த பணம். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் பொங்கியது. காப்பகத்தில் சத்தம் போடக் கூடாது, இல்லையென்றால் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது ஆவணம் உயில். 1772 டிசம்பரில் எழுதியது. தன்னிடம் இருந்ததையெல்லாம் ஜாக் ஒரே ஒருவருக்குக் கொடுக்கிறார்: வயலட்டுக்கு. மதிப்பில்லை என்று எழுதப்பட்ட வயலட், பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தாள். அவள் அப்போதும் பாரன் குடும்பத்து அடிமை. அடிமைக்கு எழுதிய சொத்து கடைசியில் சுசன்னா பாரன் கைக்கே திரும்பிப் போனது என்று உள்ளூர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பிளிஸிடம் இருந்தது. கல் வந்த வழி அதுதான்.

குன்றிலிருந்து இறங்கி, வடக்குப் பாலத்துக்கு எதிரே இருக்கும் ராபின்ஸ் வீட்டுக்குப் போனேன். புரட்சிப் போரில் பங்கெடுத்த, முன்பு அடிமையாக இருந்த சீசர் ராபின்ஸ் என்பவரின் குடும்பம் வாழ்ந்த வீடு. முதலில் கிரேட் ஃபீல்டு பக்கத்தில் இருந்தது. 2011-இல் வீட்டை அப்படியே தூக்கி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சீசரின் பேத்தி எலன் கேரிசன் 1823-இல் பிறந்தவர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1866-இல் பால்டிமோர் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையிலிருந்து வெளியே தள்ளப்பட்டபோது, புதிதாக வந்திருந்த குடிமை உரிமைகள் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டவர். 1892-இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். அல்டடீனாவில் அவர் கல்லறை பெயரில்லாமலேயே கிடந்தது. தேடி எடுத்து, 2021-இல் கல் நட்டார்கள். ஏட்டைப் புரட்டினவர்களால் ஆன காரியம் அது.

வயலட்டுக்குக் கல் இல்லை. அவளுக்காக நான் அடுத்து பார்க்கப்போவது இரண்டு. ஒன்று, கான்கார்டின் பழைய தேவாலய ஞானஸ்நானப் பதிவு. அந்தக் காலத்து நியூ இங்கிலாந்துத் தேவாலயங்கள் சில அடிமைகளின் பெயரையும் பதிவேட்டில் எழுதியிருக்கின்றன. இன்னொன்று, மாசசூசெட்ஸின் 1771 வரி மதிப்பீட்டுப் பட்டியல். அதில் 'ஆயுள் முழுவதும் வேலையாட்கள்' என்று ஒரு தனிப் பத்தியே இருக்கிறது. 14 முதல் 45 வயதுள்ளவர்களை மட்டுமே கணக்கெடுத்தார்கள், பெயர் போடாமல். அதனால் தேவாலயப் பதிவிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். பழைய கையெழுத்தை அவர் என்னைவிட வேகமாகப் படிப்பார்.