300 மெகாஹெர்ட்ஸும் ஒரு மேசை விசிறியும்

நான் வாங்கிய முதல் மதர்போர்டில் ஓவர்கிளாக் செய்யும், அதாவது பிராசஸரை அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி ஓடவிடும், வசதியே கிடையாது என்பதை, போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் பாதி இரவு சல்லடை போட்டுத் தேடிய பிறகு, அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கும் அவன், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன், சுவரோரம் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்து அதன் மூலையில் கட்டைவிரல் பருமனில் அச்சாகியிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு, "மாமா, இது ஏ320. இதுல ஓவர்கிளாக் பண்ண முடியாதே, நீங்க அதுக்குத்தானே வாங்கினீங்க?" என்று கேட்டான். அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. உண்மையான அனுதாபம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் தவறு பாதி படித்தவனின் தவறு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்கள் 2017 மார்ச்சில் வெளிவரத் தொடங்கியபோது, அந்த வரிசை முழுவதிலும் பெருக்கி எண் பூட்டப்படாமல் வந்தது. அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 32 என்றால் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், பெருக்கியை 38 ஆக்கினால் 3.8. இன்டெல் பக்கம் போனால் பிராசஸர் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்தும், போர்டின் பெயரில் 'இசட்' என்ற எழுத்தும் சேர்ந்தால்தான் இந்தப் பெருக்கல் கணக்குக்கு அனுமதி. அவ்விரண்டு எழுத்துகளுக்கும் தனித்தனியே காசு. ஆகவே ஆறு கோர், அதாவது கணக்குப் போடும் ஆறு மூளைகள், கொண்ட ரைசன் 5 1600-ஐ வாங்கிவிட்டு, "இதில் பூட்டே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, இருப்பதிலேயே மலிவான போர்டைத் தேடிப் பிடித்தேன். பெட்டிக்குப் பூட்டில்லை என்பது சரிதான். பெட்டி இருக்கும் அறைக்கு ஒரு பூட்டு உண்டு, போர்டிலேயே பதித்த அந்தக் கட்டுப்பாட்டுச் சிப்பின் பெயர் சிப்செட், பி350-க்கும் எக்ஸ்370-க்கும் கொடுத்த சாவியை ஏ320-க்குக் கொடுக்கவில்லை என்பது நான் படிக்காமல் விட்ட மறுபாதி.

இந்த அலட்சியத்துக்கு என் பூர்வீகமும் ஒரு காரணம். 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற பிராசஸரில் கைவைத்துத்தான் இந்த வித்தையை நான் பழகினேன். அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்த பஸ் வேகத்தை, அதாவது அன்றைய அடிப்படைக் கிளாக்கை, 100 என்று மாற்றிவிட்டால், 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-இல் ஓடத் தொடங்கும். பாதி வேகம் இலவசம்! அதன்பின் 2000-ஆம் ஆண்டு வாக்கில், ஏஎம்டியின் அத்லான் பிராசஸர் மேல் வெட்டிவிடப்பட்டிருந்த சின்னஞ்சிறு இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தாலே பூட்டு திறந்துவிடும் என்ற காலம் வந்தது. கூராகச் சீவிய பென்சிலும் நடுங்காத கையும் போதும். அப்படிப்பட்ட பொற்காலத்தில் வளர்ந்தவனுக்கு, மதர்போர்டு என்பது பிராசஸரைச் செருக ஒரு பலகை என்ற எண்ணம் ஊறிப்போனதில் வியப்பில்லை.

இரண்டாவது போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொண்ட விதம் வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பி350 போர்டின் படத்திலும் பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள சாம்பல் நிறக் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சோக் எனப்படும் அந்தக் கட்டிகள், மாஸ்ஃபெட்டுகள், கெப்பாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் விஆர்எம். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. வோல்ட் இறங்கும்போது ஆம்பியர் ஏறும் அல்லவா? 1.35 வோல்ட்டில் 120 வாட் கேட்கும் பிராசஸருக்குள் ஏறத்தாழ 90 ஆம்பியர் பாய வேண்டும். 1000 வாட் சலவைப்பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது என்பதை நினைத்துப் பார்த்தால், புளியங்கொட்டைக்கும் சிறிய அந்த மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஒருவித மரியாதையே பிறக்கும்.

இதில் ஏமாற்றமும் நிறைய. எட்டு சோக் இருப்பதால் எட்டு ஃபேஸ், அதாவது சுமையைப் பகிர்ந்துகொள்ளும் எட்டுத் தனி மின்பாதைகள், என்று நம்பிவிடக் கூடாது. நான்கே சிக்னல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்து எட்டாகக் காட்டுவதும் உண்டு. சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் இருக்கிறதே என்று மகிழ்ந்தால், அது மாஸ்ஃபெட்டைத் தொட்டும் தொடாமலும் பிளாஸ்டிக் முளையில் தொங்கிக்கொண்டிருக்கும். சில பெட்டிகளில் 'இராணுவத் தரம்' என்று போட்டிருப்பார்கள். எந்த நாட்டு இராணுவம் என்று மட்டும் சொல்வதில்லை. ஒலிச் சிப், விளக்கு அலங்காரம் ஆகியவற்றை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பயாஸில் வோல்டேஜை ஆஃப்செட்டாக, அதாவது இயல்பான அளவிலிருந்து இத்தனை என்று, கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்பதை மட்டும் கையேட்டில் தேடிப் பார்த்துவிட்டு, கோர்களுக்கு நான்கு ஃபேஸும் ஹீட்சிங்க்கும் கொண்ட ஒரு பி350 போர்டை வாங்கினேன். இரண்டு மலிவுப் போர்டுகளின் விலையைக் கூட்டினால் ஓர் எக்ஸ்370 போர்டின் விலை வருகிறது என்று அக்கா மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன்.

போர்டை மாற்றும் நாளில், பிராசஸரோடு பெட்டியிலேயே வந்த கூலருக்குப் பதிலாகப் பெரிய டவர் கூலர் ஒன்றையும் பொருத்துவது என்று முடிவு செய்திருந்தேன். பழைய கூலரின் திருகுகளைக் கழற்றி மேலே இழுத்தேன்; வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். 'டப்' என்ற ஓசையோடு கூலர் கைக்கு வந்தது, அதன் அடிப்பாகத்தில் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டிய நிலையிலேயே இருந்தது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகினால் அந்தப் பூட்டைவிட வலுவானது என்பதையும், கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்க வேண்டும் என்பதையும் அதற்கப்புறம்தான் படித்தேன். ஏஎம்4 சாக்கெட்டில் 1331 துளைகள். அவற்றுக்குள் இறங்க வேண்டிய ஊசிகளில் மூன்று, தலைகுனிந்து நின்றன.

அக்கா மகன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன் மெக்கானிக்கல் பென்சிலை எடுத்து வந்து, அதிலிருந்த முனையை உருவிவிட்டு வெறும் குழலை என்னிடம் நீட்டினான். வளைந்த ஊசியின் மேல் அந்தக் குழலை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். மூன்று ஊசிகளுக்கு நாற்பது நிமிடம். பிராசஸர் தன் எடையிலேயே சாக்கெட்டுக்குள் இறங்கி உட்கார்ந்தபோது, பதினேழு ஆண்டு கழித்தும் என்னைக் காப்பாற்றியது பென்சில்தான் என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். "பென்சிலைத் திருப்பிக் கொடுங்க மாமா, நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஓவர்கிளாக். பெருக்கியை எடுத்த எடுப்பில் 40 என்று வைத்தேன். திரை கறுப்பாகவே நின்றது. வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டி பயாஸின் நினைவை அழித்தேன். 39 வைத்தேன், விண்டோஸ் வரைக்கும் வந்து நீலத் திரையில் வருத்தம் தெரிவித்தது. 38-இல், 1.35 வோல்ட்டில், ஒருவழியாக நிலையாக ஓடியது. ஆறு கோர்களும் உழைக்கும்போது இந்தப் பிராசஸர் தானாகவே 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது, அதை 3.8 ஆக்குவது நூற்றுக்கு 12 வேகம். ஆனால் மின் செலவு வேகத்தோடும் வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தோடும் ஏறுவதால், 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கியதில் நான் கொடுத்த கூடுதல் மின்சாரம் நூற்றுக்கு 40-க்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்காது.

அந்தச் சுமைகூலியும் நிலைக்கவில்லை. சோதனை நிரல் பத்து நிமிடம் ஓடியதும், பிராசஸரின் சூடு அளவாக இருக்கும்போதே வேகம் திடீரென்று பாதிக்கும் கீழே சரிந்தது. விஆர்எம்மின் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட வேகத்தைவிட எடுத்த வேகம் அதிகம். நான் பெருமையாகத் தேர்ந்தெடுத்த அந்த ஹீட்சிங்க்கில் துடுப்புகளே இல்லை, கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியக் கட்டி மட்டுமே இருந்தது. போதாததற்கு, பழைய கூலர் காற்றை மேலிருந்து கீழாகப் போர்டின் மேல் ஊதி விஆர்எம்மையும் சேர்த்துக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. நான் காசு கொடுத்து மாட்டிய டவர் கூலரோ பக்கவாட்டில் ஊதியதால், பிராசஸர் சுகமாக இருக்க, அதற்குச் சோறு போடும் விஆர்எம் வெந்துகொண்டிருந்தது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசை விசிறியை எதிரே வைத்தேன். 3.7-க்கு இறங்கி வந்து வோல்டேஜையும் குறைத்த பிறகும், நீண்ட வேலை என்றால் விசிறி வேண்டியிருந்தது.

பலன் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 44 நிமிடம் எடுத்த ஒரு காணொளி மாற்றம், 40 நிமிடச் சொச்சத்தில் முடிந்தது. இந்தக் காரியத்துக்கு நான் செலவழித்தது குறைந்தது 40 மணி நேரம். ஒரு காணொளிக்கு 4 நிமிடம் மிச்சம் என்றால் 600 காணொளிகளில் அதை மீட்டுவிடலாம். ஆண்டுக்குப் பத்து காணொளி செய்பவன் நான். ஆண்டவன் இன்னும் 60 ஆண்டு ஆயுள் கொடுத்தால் கணக்கு நேராகும்.

இதற்கிடையே அந்த ஏ320 போர்டை அக்கா மகன் எடுத்துக்கொண்டு, அதே பிராசஸரையும் வாங்கி, எதையும் கூட்டாமல் ஒரு கணினியைச் சேர்த்துவிட்டான். ஒரு நாள் அவன் பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றுவதைப் பார்த்தேன். 3200 என்று ஒட்டி விற்கப்பட்ட நினைவகம், யாரும் சொல்லாத வரையில் 2133-இலேயே ஓடும். அதன் வேகத்தைக் கூட்டினால் ரைசனுக்குள் கோர்களை இணைக்கும் பாதையும் கூடவே வேகமெடுக்கும். அவன் 2933 வைத்தான், நிலையாக ஓடியது. காணொளி மாற்றத்தில் ஒரு நிமிடம் குறைந்தது, விளையாட்டுகளில் அதைவிட நன்றாகவே தெரிந்தது. சூடில்லை, சத்தமில்லை, விசிறியில்லை. முதல் நாள் இரவு பெருக்கியைத் தேடும் அவசரத்தில் அதே வரியை நான் எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. என் கணினியில் இரவோடு இரவாக நானும் மாற்றிக்கொண்டேன், 39 நிமிடமானது.

போன வாரம் மகனைப் பார்க்க அக்கா வந்திருந்தார். வெயிலில் வந்த களைப்போடு என் அறையில் உட்கார்ந்தவர், எதிரில் ஒரு பெட்டியைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டார். பேச்சு சுவாரசியத்தில் நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் வேகம் சரிந்ததைப் பார்த்த அவர் மகன், "அம்மா, ஃபேனைத் திருப்பும்மா. மாமாவோட கம்ப்யூட்டருக்கு வேர்க்குது" என்றான்.

"அதுக்கு வேர்த்தா எனக்கென்ன? எனக்கு வேர்க்கலையா?" என்றார் அக்கா.

விசிறியை இரு பக்கமும் திரும்பும்படி வைத்தேன். அன்றைக்கு அந்தக் காணொளி முடிய 43 நிமிடம் ஆனது.