புல்வெளியைப் பற்றி எழுதியது யார்?

ஊட்டிப் புல்வெளிகளைப் பற்றி எதைப் படித்தாலும், உள்ளே போகுமுன் முதல் பக்கத்தைப் பாருங்கள். வெளியிட்டது யார், எந்த ஆண்டு, யார் படிக்க? நீலகிரி மாவட்டக் கையேடு 1880-இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. அதைப் புரட்டப்போகிறவர் அதிகாரி. எந்த நிலத்தில் என்ன விளையும், எவ்வளவு வரி தேறும் என்பதே அவர் கவலை. அந்தக் கண்ணுக்கு மரமில்லாத சரிவு வெறும் இடமாகத் தெரிவதில் வியப்பில்லை. நீலகிரிப் பழங்குடியினரான தோடருக்கோ அது எருமை மேயும் நிலம்.

எழுதியதன் காரணம் நோக்கம். நின்று பார்த்த இடம் பார்வை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. வனத்துறைக்காரரும் சுற்றுலாத் துண்டறிக்கை எழுதுபவரும் ஒரே தைலமரக் காட்டைப் புகழலாம். ஒருவருக்கு விறகு, மற்றவருக்கு ரூம் புக்கிங்.

பிறகு பென்சிலை எடுத்து எழுவாய்களை மட்டும் கோடிடுங்கள். ‘சீகை மரங்கள் நடப்பட்டன’ என்பது போன்ற வாக்கியத்தில் நட்டவரைக் காணோம். ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து, எழுதியவர் ஆளை மறைக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். அறிக்கை நடையே அப்படித்தான். பக்கம் முழுக்க ஆளே இல்லையென்றால் யோசிக்கலாம்.

எழுதியவரின் ஒருபக்கச் சாய்வு தெரிந்ததும் நூலையே தூக்கிப்போடுவதும் வீண். அளந்து எழுதிய மழைக்கணக்குக்கு ஒரு குறி, ‘பயனற்ற நிலம்’ போன்ற தீர்ப்புக்கு வேறு குறி. நமக்குப் பிடித்த கருத்தைச் சொல்பவரிடமும் இதே பென்சில் ஓட வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் கை நின்றுவிடுகிறது.