வில்லுக்கு மணிக்கட்டு வார்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3

வில்லை இறுக்கிப் பிடித்தால் கைப்பிடி திருகும், அம்பு பக்கவாட்டில் விலகும். அதனால்தான் விரல்களைத் தளரவிடச் சொல்கிறோம். ஆனால் நாணை விட்டதும் வில் முன்னால் துள்ளும். கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில், அம்பு நாணைவிட்டுப் பிரியும் முன்பே விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். அந்தப் பயத்தைப் போக்கத்தான், வில்லைக் கையோடு பிணைத்து விழாமல் தாங்கும் வார்.

ரீகர்வ் வில்லுக்கு (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) விரல் வாரே பலருக்குப் போதும். 60 செ.மீ. ஷூ கயிற்றின் இரு முனையிலும் சுருக்குக் கண்ணி போட்டு, ஒன்றைக் கட்டைவிரலிலும் மற்றதை ஆள்காட்டி விரலிலும் மாட்ட வேண்டும். கயிறு கைப்பிடியின் முன்புறமாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்ற அலுப்பாக இருந்தால், வில்லிலேயே பொருத்தும் மணிக்கட்டு வார் நல்லது. காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் கப்பி உள்ள வில்) பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

ஜூன் 4

பொருள்: 4 மி.மீ. பாராகார்ட் (மேலுறைக்குள் உள்நூல்கள் உள்ள நைலான் கயிறு), 3 மீட்டர். 3 மி.மீ. கனத் தோல், 3 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். ஒரு வாஷர். கயிற்றுப் பின்னல் புறங்கையைச் சுற்றும், தோல் அதன் இரு முனையையும் வில்லோடு பிணைக்கும்.

ஓர் அங்குலப் பின்னலுக்குச் சுமார் ஓர் அடிக் கயிறு பிடிக்கும். 20 செ.மீ. பின்னலுக்கு 2.4 மீட்டர், மிச்சம் முனைகளுக்கும் முடிச்சுக்கும். நைலான் கயிறு நனைந்தால் சுருங்கும். பின்னுவதற்கு முன்பே சுடுநீரில் ஊறவைத்துக் காயவிட்டால், மழையில் நனைந்தபின் வார் குட்டையாகிவிட்டதே என்ற தொல்லை இருக்காது. இன்று ஊறப்போட்டாயிற்று.

ஜூன் 5

இன்று அளவு. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். வில்லை மடியில் வைத்து அளந்தால் கை இருக்கும் இடமே வேறு. எய்யும் நிலையில் கையை நீட்டி, உள்ளங்கையைக் கைப்பிடியில் பதித்து, இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். கைப்பிடிக்குக் கீழே முன்புறமாக ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் தண்டு) திருகும் துளையிலிருந்து ஒரு நூலைப் புறங்கை வழியாகச் சுற்றி, மறுபக்கமாக அதே துளைக்குக் கொண்டுவர வேண்டும். புறங்கைக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

இடைவெளியே இல்லையென்றால் நாணை இழுக்கும்போதே வார் கையைக் கைப்பிடியோடு கட்டிப்போடும். தளர்ந்த பிடி என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். அதிகமாகத் தொங்கினால் வில் நழுவிய பிறகே வார் தாங்கும். விரல்கள் அதற்காகக் காத்திருக்காது, மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அம்பு போனபிறகுதான் வார் இருப்பதே கைக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 7

கோப்ரா பின்னல், அதாவது நடு இழைகளின் மேல் வெளி இழைகளால் முடிச்சு போடும் தட்டைப் பின்னல். நடுவே இரண்டு இழை, வெளியே இரண்டு இழை. வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து போட்டால் பின்னல் திருகுச் சுருளாகிவிடும். நடுவில் எழுந்துபோய் வந்தால் எந்தப் பக்கம் என்று குழம்பும். ஓரத்தில் செங்குத்தாகப் புடைத்து நிற்கும் வளைவு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அடுத்த முடிச்சு அந்தப் பக்கத்திலிருந்தே.

கோப்ராவின் மேலேயே இன்னொரு சுற்றுப் பின்னும் கிங் கோப்ரா பார்க்க அழகு. ஆனால் விறைப்பாகி, புறங்கையில் படியாமல் நிற்கும். வாருக்கு வேண்டாம்.

முனையை உருக்குமுன் உள்நூல்களை 2 செ.மீ. இழுத்து வெட்டிவிட்டால் மேலுறை மட்டும் தட்டையாக ஒட்டும். தீயின் ஓரத்தில் காட்டினால் போதும். கருகிய முனை கெட்டியாகிக் கையைக் கீறும். உருகிய நைலானை விரலால் அழுத்தக் கூடாது, விரலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான கரண்டியின் பின்புறம் போதும்.

ஜூன் 8

தோலின் சரியான நடுவில் 8 மி.மீ. துளை, இரு முனையிலும் கயிற்றுக்கு 4 மி.மீ. துளை. நடுத்துளை ஒருபக்கம் தள்ளிப்போனால் வார் ஒருபக்கமாகவே இழுக்கும்.

பெரும்பாலான வில்களில் ஸ்டெபிலைசரின் மரை 5/16-24 (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை). வில்லுக்கும் ஸ்டெபிலைசருக்கும் நடுவே தோல் உட்காருவதால் மரை 3 மி.மீ. குறைவாகவே பிடிக்கும், போல்ட் குட்டையாக இருந்தால் நீளமானதாக மாற்ற வேண்டும். தோல் நசுங்குவதால் முதல் நாளிலேயே ஸ்டெபிலைசர் தளரும். தோலுக்கும் ஸ்டெபிலைசருக்கும் இடையே வாஷர் போட்டால் தோல் கூடவே திருகாது. முதல் 20 அம்புக்குப் பின் ஒருமுறை, நாள் முடிவில் ஒருமுறை இறுக்க வேண்டும்.

ஜூன் 10

கிட்டத்து இலக்கில் சோதனை. வாரோடு ஆறு அம்பு, பிறகு வாரை இன்னும் தளர்த்தி ஆறு. அம்புக் கூட்டம் பக்கவாட்டில் நகர்ந்தால் முதல் ஆறில் வார் கையை இழுத்திருக்கிறது. அப்போது கயிற்று முனையில் அரை செ.மீ. தளரவிட்டு மறுபடி ஆறு. தோலின் முனைத்துளைகளில் விரிசல் தெரிந்தால் தோலை மட்டும் மாற்றினால் போதும், பின்னலை அவிழ்க்க வேண்டியதில்லை.