ஏழாம் அத்தியாயத்தின் நாட்கள்

கார்த்திகை 17

என் பர்மா நாவலின் ஏழாம் அத்தியாயத்தை, படித்துக் கருத்துச் சொல்லும் நால்வருக்கும் இன்று அனுப்பிவிட்டேன். மாலையில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை விளக்கு வைத்தேன். அப்பத்தா கட்டிலில் படுத்தபடியே எண்ணிப் பார்த்து, இரண்டு குறைகிறது என்றார்.

கார்த்திகை 19

யாரும் எழுதவில்லை. பிள்ளையார் நோன்புக்காகக் கோடி வேட்டியிலிருந்து இழை எடுக்கத் தொடங்கியாயிற்று. நாளுக்கு ஒன்றாக 21 இழை சேர்வதற்குள் அப்பத்தா எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்பதே இப்போது என் வேண்டுதல்.

கார்த்திகை 20

கோயம்புத்தூர்த் தம்பி படித்துவிட்டார். அத்தியாயம் முழுவதும் வரும் 'அப்பச்சி'யை அவர் தம் ஊர் வழக்கப்படி அம்மாவைப் பெற்றவராக எடுத்துக்கொண்டிருக்கிறார். கொங்கு நாட்டில் அப்புச்சி என்றால் தாத்தா, எங்கள் செட்டியார் வீடுகளில் அப்பச்சி என்றால் தகப்பனார். இதனால் பர்மாவின் பியாப்போன் ஊரில், வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கியில் பேரேட்டின் முன் முதலாளிக்காக உட்கார்ந்திருக்கும் 32 வயது ஏஜெண்டு, அவர் மனத்தில் பல் போன கிழவராகவே இருந்திருக்கிறார். கடைசியில் சொற்பட்டியல் ஒன்று சேர்க்கும்படி கேட்கிறார். அதைச் செய்ய எனக்கு மனமில்லை. வளவு, பட்டாலை, பெட்டகசாலை எல்லாம் அங்கே ஆள் நடமாடுவதைக் கொண்டே விளங்க வேண்டும். ஆனால் அவர் குழம்பியது என் பிழைதான். முதல் பக்கத்தில் ஏஜெண்டு பயணம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறு மகளை நிறுத்தி, அவள் வாயால் 'அப்பச்சி' என்று கூப்பிட வைத்தால் போதும்.

கார்த்திகை 22

மேலூர் அக்கா அத்தியாயத்தை அச்செடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாற்பது கோடுகளாவது இருக்கும் என்று பயந்து திறந்தேன். பதினொன்றுதான். பதினொன்றும் 'வந்தது' என்ற ஒரே சொல்லின் கீழ். "நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, நிலம் வந்தது" என்று நான் எழுதியிருந்த வரியின் ஓரத்தில், "நிலம் நடந்தா வரும்?" என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், ரங்கூனில் குண்டு விழும் பக்கங்களைப் படிக்கும்போது கை நடுங்கியதாகவும், ஆனால் நிலத்தை இழந்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கதையில் முகம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பத்தாவின் அப்பச்சி 1942இல் பர்மாவிலிருந்து எல்லையூரான தமு வழியாக மணிப்பூர் வரை நடந்தே வந்து, ஊருக்குள் நுழைந்தபோது சொந்த வீட்டு வேலைக்காரருக்கே அடையாளம் தெரியாத உருவில் நின்றவர். அதன் பிறகு 1948இல் பர்மிய அரசு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இழந்தவர்கள் நாங்களும்தானே என்று மூன்று பக்கம் பதில் எழுதினேன். எழுதி முடித்தபின், மேசை இழுப்பறையில் கிடந்த என் பழைய குறிப்பேடு கண்ணில் பட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது என்றும், 1938இல் அது 25 ஆனது என்றும் நானே எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் நாவலில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். குறிப்பிலும் 'ஆனது' என்றே எழுதியிருக்கிறேன்.

கார்த்திகை 23

பதிலை அனுப்பவில்லை.

கார்த்திகை 27

அப்பத்தாவுக்கு இரவெல்லாம் காய்ச்சல். காரைக்குடியிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார். கவுனியரிசியைக் குழைய வேகவைத்துக் கொடுத்ததில் நான்கு கரண்டி இறங்கியது. எழுத்து வேலை எதுவும் நடக்கவில்லை. சிவகங்கை நண்பர் 'அருமை' என்று ஒரே சொல் அனுப்பியிருந்தார். இந்த நிலையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்கழி 1

பெருமாள் கோயில் ஒலிபெருக்கி நான்கரை மணிக்கே எழுப்பிவிட்டது. அப்பத்தா அயர்ந்து தூங்கியதால் பெட்டகத்தைத் திறந்து அவருடைய அப்பச்சியின் கணக்கை எடுத்தேன். முதலாளிக்குக் கொடுத்தது போகத் தமக்கென்று அவர் எழுதி வைத்துக்கொண்ட நகல் அது. தலைப்பில் பிள்ளையார் சுழி, அடுத்து 'சிவமயம்'. மை காப்பி நிறத்துக்கு மாறியிருக்கிறது. இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தாலும் எழுத்தைத் தொடவில்லை. 1932ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில் 'மா' என்று தொடங்கும் பெயர், ஒரு பர்மியப் பெண்ணுடையது. ஊர்ப்பெயர், பற்று, வட்டி, அதற்குக் கீழே: "மேற்படி வகைக்கு ௧௪ ஏக்கர் எழுதி வாங்கியது." அடுத்த வரியில்: "மேற்படியாளுக்கே சாகுபடிக்கு விட்டது."

இந்த இரண்டு வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நேற்று வரை அவளுடையதாக இருந்த 14 ஏக்கரில் இன்றிலிருந்து அவள் குத்தகைக்காரி. அவர் 'வந்தது' என்று எழுதவில்லை. 'எழுதி வாங்கியது' என்று எழுதியிருக்கிறார். பேரேட்டில் அவர் ஒளிக்காததை அவருடைய பேரனின் மகள் நாவலில் ஒளித்திருக்கிறேன்.

மார்கழி 2

காய்ச்சல் தணிந்திருந்த நேரம் பார்த்து அப்பத்தாவிடம் கேட்டேன். வெகுநேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பொம்பளை பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து கிட்டங்கி வாசல்ல நின்னாளாம். அழவே இல்லையாம் ஆத்தா. அப்பச்சி சாகுறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாக." அவள்தான் இவளா என்று கேட்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மார்கழி 4

காலையிலிருந்து அந்த ஒரு காட்சிதான். முதலில் எழுதியதில் அவள் அழுதாள். அழித்தேன். அடுத்து அவள் வீட்டுக்குள் போனேன். பர்மாத் தேக்கில் செய்த தூணில் சாய்ந்து வளர்ந்த எனக்கு, அந்தத் தேக்கு விளைந்த நாட்டில் ஒரு குடியானவள் வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அதையும் அழித்தேன். கிட்டங்கி வாசலில் நின்றவளை உள்ளிருந்து ஏஜெண்டு எப்படிக் கண்டாரோ அவ்வளவை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தேன். பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு அவள் மாற்றுகிறாள். அவர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டு எழுதாமல் வைத்திருக்கிறார். மை சொட்டுகிறது. ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறது.

மார்கழி 8

1941இல் ரங்கூனில் முதல் குண்டுகள் விழுந்தது இதே டிசம்பர் 23ஆம் தேதிதான். அந்தப் பக்கங்களில் கை வைக்கப் போவதில்லை. அவை உண்மை. ஆனால் அவற்றை வாசிக்கிறவர் இனி அந்த 14 ஏக்கரைக் கடந்துதான் அங்கே வந்து சேர வேண்டும்.

மார்கழி 10

இன்று நோன்பு. கருப்பட்டியும் அரிசிமாவும் பிசைந்து, திரித்த இழையை அதில் வைத்து ஏற்றினோம். எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அப்பத்தா. தலையணையை அடுக்கி உட்கார வைத்து, அவர் மணிக்கட்டை என் கையால் தாங்கிக்கொண்டேன். சுடர் நடுங்கியதே தவிர அணையவில்லை. இழையோடு அந்த மாவை எனக்கு வாயில் போடும்போது, "எழுதி முடிச்சிட்டியா?" என்று கேட்டார். நான் எழுதுவது அவருக்குத் தெரியும் என்றே இதுவரை எனக்குத் தெரியாது.

மார்கழி 11

மேலூர் அக்காவுக்கு அனுப்பினேன், ஒரு விளக்கமும் சேர்க்காமல்.

மார்கழி 13

அக்கா இன்னும் எழுதவில்லை. அத்தியாயத்தை மறுபடியும் தேடியதில் 'வந்தது' இரண்டு இடங்களில் மிஞ்சியிருக்கிறது. ஒன்று கப்பல். அது வந்ததுதான், இருக்கட்டும். மற்றொன்றைப் பார்ப்பதற்குள் அப்பத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று கூப்பிடுகிறார்கள்.