ஃபைனல் ஃபேண்டசி 1, அசல் என்இஎஸ் பதிப்பு: காசை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

ஃபைனல் ஃபேண்டசி என்பது நால்வர் குழுவை வளர்த்து எதிரிகளோடு சண்டையிடும் வீடியோ விளையாட்டு. இது 1987 டிசம்பரில் ஜப்பானின் ஃபேமிகாம் கருவிக்கு வந்து, 1990-இல் அமெரிக்காவில் அதன் வெளிநாட்டு வடிவமான என்இஎஸ்ஸுக்கு வெளியான பழைய பதிப்பு பற்றிய குறிப்பு. ரீமேக் ஆடுபவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அசலில் திரையில் தெரியும் எண்களில் சில வெறும் அலங்காரம். எது நிஜமாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஆடினால் பல ஆயிரம் கோல்ட் மிச்சமாகும்.

குழு: ஃபைட்டர் (போர்வீரர்), பிளாக் பெல்ட் (வெறுங்கையால் அடிப்பவர்), ஒயிட் மேஜ் (வெள்ளை மந்திரவாதி), ரெட் மேஜ் (வாளும் இரு வகை மந்திரமும் கலந்தவர்). வரிசையும் இதேதான். எதிரி யாரை அடிக்கும் என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. முதல் இடத்துக்குப் பாதி அடி, இரண்டாம் இடத்துக்குக் கால் பங்கு, கடைசி இரண்டுக்கும் தலா எட்டில் ஒன்று. கவசம் அதிகம் போடுகிறவர் முதலில் நின்றே ஆகவேண்டும். சண்டையில் யாராவது செத்தால் விளையாட்டு அவரைத் தானாகவே கடைசிக்குத் தள்ளிவிடும். உயிர்ப்பித்த பிறகு வரிசையை மறுபடி அடுக்க மறந்தால், அடுத்த சண்டையில் ஒயிட் மேஜ் முன்னால் நின்று அடிவாங்குவார்.

கொனேரியா (முதல் ஊர்): கையில் 400 கோல்ட்

இந்தக் கடைகளில் ஆயுதத்தின் பலமும் தெரியாது, யார் பிடிக்கலாம் என்பதும் தெரியாது. வாங்கினால் மட்டும் போதாது, மெனுவுக்குப் போய் மாட்டவும் வேண்டும். ஃபைட்டருக்கும் ரெட் மேஜுக்கும் ரேப்பியர் (தலா 10), பிளாக் பெல்டுக்கு மர நஞ்சக் (10), ஒயிட் மேஜுக்கு இரும்புச் சுத்தியல் (10), ஃபைட்டருக்குச் செயின் கவசம் (80). மந்திரக் கடையில் க்யூர், ஃபயர், தலா 100. மீதி 80. அதில் இன்னொரு செயின் வாங்கச் சரியாக வரும், ஆனால் விடுதிக்கு 30 வேண்டும். ஒரு சுற்று இம்ப் என்ற சின்ன எதிரிகளை அடித்துவிட்டு வாங்குவதே நல்லது.

ஃபயரை ரெட் மேஜ் போட்டால் பலம் குறையுமோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். குறையாது. இந்தப் பதிப்பில் இன்டலிஜென்ஸ் எண் மந்திரத்தின் பலத்தைத் தொடுவதே இல்லை. லெவலும் தொடாது. பிளாக் மேஜ் போடும் ஃபயரும் ரெட் மேஜ் போடும் ஃபயரும் ஒரே அடிதான். பிளாக் மேஜுக்கு மிச்சமிருக்கும் பெருமை, அதிக தடவை போடலாம் என்பதும், உச்ச லெவல் மந்திரங்கள் கிடைக்கும் என்பதும்தான். இந்தக் குழுவில் அவருக்கு இடம் இல்லாததற்கு அதுவே காரணம்.

முதல் பெரிய எதிரியான கார்லாண்டுக்கு 106 ஹெச்பி (உயிர் அளவு). லெவல் 3 ஆகிவிட்டால் ஒன்றும் சொல்லிக்கொள்ள இல்லை. அடுத்த ஊரான பிரவோகாவில் கடற்கொள்ளைத் தலைவன் பிக்கேயின் கொள்ளைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் தலா 6 ஹெச்பிதான்.

அந்த ஒன்பது பேரில்தான் இந்த ஆட்டத்தின் முக்கியமான பழக்கத்தைக் கற்கவேண்டும். இரண்டு பேரை ஒரே எதிரி மேல் ஏவி, முதல் ஆள் அடித்ததிலேயே அது செத்துவிட்டால், இரண்டாவது ஆளின் முறை வீண். "இன்எஃபெக்டிவ்" என்று வரும். அடுத்த எதிரிக்குத் தானாக மாறாது. அதனால் கட்டளை கொடுக்கும்போதே எதிரியின் ஹெச்பியை மனக்கணக்குப் போட வேண்டும். பிற்காலப் பதிப்புகளில் அடி தானாகவே அடுத்த எதிரிக்குப் போகும். வசதிதான், ஆனால் சண்டையில் யோசிக்க வேண்டியதில் பாதி அதோடு போய்விட்டது.

காசு கொடுத்து வாங்கக் கூடாதவை

மந்திரக் கடையில் ஒரு லெவலுக்கு வெள்ளை நான்கு, கருப்பு நான்கு. ஒருவர் ஒரு லெவலில் மூன்றுதான் வைத்துக்கொள்ளலாம், கற்றதை அழிக்கவும் முடியாது. தவறான ஒன்றை வாங்கினால் கோல்டோடு இடமும் போச்சு.

டெம்பர், சேபர்: அடியின் பலத்தைக் கூட்டும் என்று பெயர். நம் ஆள் மேல் போட்டால் ஒன்றும் ஆகாது. லாக்: எப்போதும் தவறும். லாக் 2 இன்னும் மோசம், எதிரி தப்பிக்கும் திறனைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகிறது. லைஃப் வேலை செய்யும், ஆனால் சண்டைக்கு நடுவில் போட முடியாது. செத்தவரைச் சண்டை முடியும்வரை சுமந்துகொண்டுதான் போகவேண்டும்.

ஆயுதங்களில் ஃப்ளேம், ஐஸ், டிராகன், ஜயன்ட், வேர், கோரல் வாள்கள் எல்லாவற்றின் சிறப்புத் தன்மையும் பூஜ்யம். பனி எதிரியை ஃப்ளேம் வாளால் அடித்தாலும் நெருப்புப் பலன் கணக்கில் சேராது. அதை 26 பலமுள்ள சாதா வாளாகவே பார்க்க வேண்டும். கவசங்களின் தடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது, கோளாறு ஆயுதத்தில் மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கையான பிழை கிரிட்டிகல் அடியில். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனியாக எழுதிவைத்த கிரிட்டிகல் அளவைப் படிக்காமல், ஆயுதப் பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை நிரல் எடுத்துக்கொள்கிறது. ரேப்பியர் 4-ஆவது, சில்வர் வாள் 17-ஆவது, மசமூனே 40-ஆவது, அதுவே கடைசி. ஆகவே பட்டியலில் பின்னால் வரும் ஆயுதம் எதுவானாலும் கிரிட்டிகல் அதிகம் விழும். மசமூனேயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

நல்ல மந்திரங்கள் என்று பார்த்தால் தற்காப்புக்கான ரூஸ், இன்விஸ், ஃபாக், அலிட், ஏஃபயர், ஏஐஸ் எல்லாம் சொன்னபடி நடக்கின்றன. ரூஸ் போட்டவருக்கு மட்டும் தப்பிக்கும் எண் 80 கூடும், இரண்டு முறை போட்டால் 160. அதற்குப் பிறகு ஒயிட் மேஜைச் சாதாரண அடி தொடுவது அரிது.

பிரவோகா தீபகற்பம்

பிரவோகாவுக்கு வடகிழக்கே ஒரு நிலமுனை உண்டு. அதன் நுனியில் ட்ரோல், ஜாம்புல், பனி ஓநாய் என்று வெகுதூரத்தில் வரவேண்டிய எதிரிகள் வருகின்றன. காரணம் எளிது. உலக வரைபடம் 256-க்கு 256 கட்டம். அதை 32-க்கு 32 கட்டச் சதுரங்களாக வெட்டி, சதுரத்துக்கு ஒரு எதிரிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்த நுனி, பக்கத்துச் சதுரத்துக்குள் இரண்டொரு கட்டம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சதுரத்தின் மீதி நிலம் ஆட்டத்தின் பிற்பகுதிக்கானது.

ஒரு இம்ப் 6 எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி) தரும், நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1. ஒரு ட்ரோல் 621 எக்ஸ்பி, 621 கோல்ட். ஆளுக்கு 155. லெவல் 5-க்கு மொத்தமே 1,171 போதும். ட்ரோலுக்கு 184 ஹெச்பி, நெருப்புக்குப் பயப்படும். செய்முறை இதுதான்: நுனிக்குப் போகும்போது எல்லோரும் முழு ஹெச்பியில் இருக்கட்டும். தனி ட்ரோல் வந்தால் ரெட் மேஜ் ஃபயர், மற்ற மூவரும் அடி. பனி ஓநாய்கள் கூட்டமாக வந்தால் யோசிக்காமல் ஓட வேண்டும், அவற்றின் மூச்சு நால்வரையும் ஒரே நேரத்தில் தாக்கும். ஒரு ட்ரோல் விழுந்ததும் பிரவோகா விடுதிக்கு (50 கோல்ட்) திரும்பிவிடலாம். பேராசைப்பட்டு இரண்டாவது சண்டைக்கு நின்றால் பெரும்பாலும் கடைசிச் சேமிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு லெவல், மூன்று லெவல் ஏற்றிக்கொண்டால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் மார்ஷ் குகையின் சுவை போய்விடும்.

எல்ஃப்லாண்ட், மார்ஷ் குகை

எல்ஃப்லாண்டில் முதல் செலவு சில்வர் வாள், 4,000. பலம் 23, குறி எண் (அடி குறிதவறாமல் விழும் திறன்) 15. இந்தக் குறி எண்தான் முக்கியம். ஒரு சுற்றில் எத்தனை அடி என்பது குறி எண்ணை 32-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் வருவது. ஃபைட்டர் 10-இல் தொடங்கி லெவலுக்கு 3 ஏறுவார். சில்வர் வாளோடு லெவல் 13-இல் 61, இரண்டு அடி. லெவல் 14-இல் சரியாக 64, மூன்று அடி. ஒரே லெவலில் பலம் ஒன்றரை மடங்கு. எந்த லெவலில் நின்று தயாராக வேண்டும், எப்போது கிளம்பலாம் என்று இந்த வகுத்தல் கணக்கே சொல்லிவிடும்.

பிறகு மருந்து. ஹீல் ஒன்று 60, 30 ஹெச்பி தரும். 99 வாங்கினால் 5,940. ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும், ஒவ்வொன்றுக்கும் "ஆம்" என்று அழுத்தவேண்டும். கட்டைவிரல் வலிக்கும், ஆனாலும் 50-க்குக் குறையாமல் எடுத்துக்கொள்வது நல்லது. விஷம் போக்கும் பியூர் (75) பத்து. வெளி நிலத்தில் ஓய்வெடுத்துச் சேமிக்க டென்ட் (75) நான்கைந்து.

மார்ஷ் குகையில் ஆட்களைக் கொல்வது இவைதான். க்ரால்: ஒரு சுற்றில் எட்டு முறை தொடும், அடி அற்பம், ஆனால் ஒவ்வொரு தொடுதலும் முடக்கப் பார்க்கும். இரண்டு க்ரால் சேர்ந்தால் நால்வரும் சிலைபோல நின்றுகொண்டே சாகலாம். முதல் சுற்றிலேயே ஒன்றைக் குறைக்க வேண்டும். ஸ்கம்: 24 ஹெச்பிதான், ஆனால் தடுப்பு 255. சில்வர் வாள் அடித்தால் ஒரு அடிக்கு 1 என்று விழும். ஃபயர் ஒன்றே ஒன்று போட்டால் முடிந்தது. இதற்காகவே ரெட் மேஜின் லெவல் 1 மந்திரங்களை இறங்கும் வழியில் செலவழிக்கக் கூடாது.

இந்தக் குகைக்குள் வருவதே கிரீடத்தை எடுக்கத்தான். அதன் பெட்டிக்கு முன்னால் விசார்ட் என்ற எதிரிகள் காத்திருக்கின்றன. பெயர் மந்திரவாதி, செய்கை முழுக்க அடிதடி. ஒன்றுக்கு 84 ஹெச்பி. ஃபைட்டரும் பிளாக் பெல்டும் இருவேறு விசார்டை அடிக்காமல் ஒன்றிலேயே குவிக்க வேண்டும், இங்கே இன்எஃபெக்டிவ் பயம் குறைவு. உள்ளே போகும்போது மருந்தில் பாதிக்குமேல் காலியானால் கிரீடத்தை மறந்து திரும்ப வேண்டும், மேலே ஏறுவதற்கும் அதே அளவு தேவைப்படும். குகைக்குள் டென்ட் அடிக்க முடியாது.

கிரீடத்தோடு போனதும் சண்டைக்கு வரும் பெரிய எதிரி ஆஸ்டோஸ்: 168 ஹெச்பி. முதலிலேயே ரப் போடுவார், பட்டால் ஒருவர் உடனே காலி. இந்தக் கட்டத்தில் அதைத் தடுக்க எதுவும் கையில் இருக்காது. கோட்டை வாசலுக்கு வெளியே டென்ட் அடித்துச் சேமித்துவிட்டு, உள்ளே போய் முழு பலத்தோடு தாக்குவதைத் தவிர வழியில்லை. இந்தச் சண்டையை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது மட்டுமே.

ஃபாஸ்ட்

எல்ஃப்லாண்டிலேயே விற்கும் லெவல் 4 மந்திரம், 4,000. ரெட் மேஜ் உயர்ந்த வகுப்பான ரெட் விசார்டாக மாறுவதற்கு முன்பே கற்கலாம். அடிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும், மூன்று அடி ஆறாகும். இந்த ஆட்டத்தில் இதற்கு இணையான மந்திரம் கிடையாது. ஒரே லெவல் மந்திரங்களுக்குப் போடும் எண்ணிக்கை பொதுவானது, அதே லெவலில் ஐஸ் 2 இருப்பதுதான் இடைஞ்சல். சும்மா வரும் கூட்டத்தின்மேல் அதைப் போட்டுத் தீர்த்தால், பெரிய எதிரியிடம் ஃபாஸ்ட் இருக்காது.

எர்த் குகை முதல் தளத்தில் இடப்பக்க நடைபாதையில் ஒவ்வொரு காலடிக்கும் நிச்சயச் சண்டை. ஜயன்ட் ஒன்று 879 எக்ஸ்பி, அதே அளவு கோல்ட். இப்படிப்பட்ட கட்டங்கள் எத்தனை முறை மிதித்தாலும் தீராது. ஐஸ் குகையில் ஃப்ளோட்டரை (விமானத்தைப் பெற உதவும் பொருள்) காக்கும் ஐ என்ற எதிரியும் அதே ரகம்: 162 ஹெச்பிதான், 3,225 எக்ஸ்பி. ரப் போடும் ஆபத்து உண்டு, ஆனால் இரண்டு ஃபாஸ்ட் அடியில் விழுந்துவிடும். ஜப்பானிய அசலில் அது பிஹோல்டர் உருவம், வெளிநாட்டுப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள்.

எர்த் குகையின் தலைவனான லிச் விழுந்து படகு கிடைத்ததும் குர்கு எரிமலைக்கு முன்பே ஐஸ் குகைக்குப் போவதையே பரிந்துரைப்பேன். விமானம் சீக்கிரம் வரும், எரிமலையின் தலைவியான கேரியைச் சந்திக்கும் முன் வகுப்பு மாற்றம் முடிந்துவிடும். ஆர்டீல் கோட்டையில் வகுப்பு மாற்றத்துக்குத் தேவையான எலிவாலோடு ஹீல் கோலும் ஜீயஸ் கையுறையும் கிடைக்கும். இவற்றைச் சண்டையில் ஐட்டம் மெனுவில் யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், மாட்டவேண்டியதில்லை. அடிக்க வேலையில்லாத சுற்றுகளில் ஒயிட் மேஜ் ஹீல் கோலைத் தூக்கினால் மந்திரம் மிச்சம். எரிமலையில் லாவாமேல் நடந்தால் காலடிக்கு 1 ஹெச்பி போகும், ஆனால் சண்டை வராது. சுற்றிப்போவதைவிட லாவாவே மலிவு.

வகுப்பு மாற்றத்தில் பிளாக் பெல்டுக்கு மட்டும் நஷ்டம் உண்டு. மாஸ்டர் ஆனதும் அவருடைய மந்திரத் தடுப்பு லெவலுக்கு 4 ஏறுவதற்குப் பதில் 1 மட்டுமே ஏறும். வகுப்பை மாற்றிவிடும் டிராகன் அரசன் பஹாமுட் நால்வரையும் ஒன்றாக மாற்றுவதால் அவரைத் தனியாக நிறுத்திவைக்க முடியாது. ஆயுதம் இல்லாமல் அவர் பலம் லெவலின் இரு மடங்கு, அடிகளும் இரட்டிப்பு. லெவல் 6 அளவில் நஞ்சக்கைக் கழற்றிய பிறகு அவருக்காக ஆயுதக் கடைப் பக்கமே போகவேண்டாம்.

டென்ட் போலவே ஓய்வெடுக்க உதவும் ஹவுஸ் (3,000) வாங்குகிறவர்கள் கவனிக்க: அது முதலில் சேமித்துவிட்டு, பிறகுதான் மந்திர எண்ணிக்கையை நிரப்பும். ரீசெட் செய்தால் பழைய காலி எண்ணிக்கையே வரும். ஹவுஸ் போட்ட உடனே ஒரு டென்டும் போட்டால், நிரம்பிய நிலையே சேமிப்பாகும். 75 கோல்டில் தீரும் சிக்கல்.

கடைசிக் கோவில்

உள்ளே சேமிப்பு கிடையாது. லிச் 500, கேரி 700, க்ராகன் 900, டியாமட் 1,100 ஹெச்பி, கடைசியில் கேயாஸ் 2,000. லெவல் 4 மந்திரத்தை 9 முறைக்கு மேல் யாராலும் வைத்திருக்க முடியாது, ரெட் விசார்டிடம் பெரும்பாலும் அதுவும் இருக்காது. லிச் முதல் டியாமட் வரை ஒவ்வொரு சண்டைக்கும் ஒரே ஒரு ஃபாஸ்ட், அதுவும் ஃபைட்டருக்கு மட்டும். கேயாஸுக்கு இரண்டைப் பத்திரப்படுத்த வேண்டும், ஒன்று ஃபைட்டருக்கு, ஒன்று மாஸ்டருக்கு. மசமூனே இதே கோவிலில் ஒரு பெட்டியில் இருக்கிறது, யாரும் பிடிக்கலாம். ஒயிட் விசார்டுக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் குறி எண் 50 கூடுகிறது என்பதால் ஃபைட்டருக்குத்தான் லாபம்.

கேயாஸ் நடுவில் க்யூர் 4 போட்டால் 2,000-மும் திரும்ப நிரம்பிவிடும். மெதுவாகக் குறைத்துக்கொண்டே போகும் உத்தி இங்கே செல்லாது. முதல் சுற்றில் ஃபைட்டருக்கு ஃபாஸ்ட், இரண்டாம் சுற்றில் மாஸ்டருக்கு. ஒயிட் விசார்ட் ஆரம்பத்திலேயே இன்விஸ் 2. அதற்குப் பிறகு நால்வரில் யார் செத்தாலும் அடிப்பதை நிறுத்தக் கூடாது.