மாலை 18:30:00 எப்படி 66600 ஆகிறது: யாமல் சோதனைக் குறிப்புகள்

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினியில், வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடுகிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது, வாசல் விளக்கு, தொட்டி காலியானால் செல்போனுக்கு ஒரு செய்தி, இவ்வளவுதான் அதன் வேலை. எல்லாவற்றையும் திரையில் தட்டியே அமைத்துவிடலாம். ஆனாலும் யாமல் கோப்பாக (அமைப்புகளைப் பெயர், மதிப்பு என்று ஜோடி ஜோடியாக எழுதும் முறை) எழுதி, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டு வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். எப்போது எதை மாற்றினோம் என்று திரும்பிப் பார்க்க முடியும். கோப்புகள் பெருத்துக்கொண்டே போனதால், அவற்றைச் சரிபார்க்க ஒழுங்காக ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் யாமல்லின்ட், யாமல் கோப்பில் பிழை தேடும் கருவி. ஓட்டியதுமே திரை நிறையப் புகார். பாதிக்கு மேல் அற்ப விஷயம்: வரிக் கடைசியில் தேவையில்லாத இடைவெளி, கோப்பின் தலையில் மூன்று கோடு இல்லை, இப்படி. வரி நீளத்துக்கு அது வைத்திருக்கும் எல்லை 80. இது தமிழுக்கு ஒத்துவராது. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'தொட்டி' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. அந்த விதியை அணைத்துவிட்டேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிடிக்கிற விதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். யாமல் விதிப்படி அது தவறு, ஆனால் பைத்தான் நிரல்மொழியில் யாமலைப் படிக்க உதவும் பையாமல் நூலகம் வாயே திறக்காமல் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் சுவாரசியமான பகுதி. எழுத்துப்பிழை இல்லாத கோப்பை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. பையாமலால் கோப்பைப் படித்து, கிடைத்ததை அப்படியே அச்சிடும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். சோதனைக்கு இரண்டு நேரங்களை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தேன்: காலை 06:30:00, மாலை 18:30:00. காலை நேரம் எழுத்தாகவே வந்தது. மாலை நேரம் 66600 என்ற எண்ணாக வந்தது!

2005-இல் வந்த யாமல் 1.1-இல் அறுபதடிமான எண்கள் உண்டு. நடுவில் முக்காற்புள்ளி வந்தால் மணி, நிமிடம், நொடி மாதிரி பெருக்கிக் கூட்டிவிடும்: 18 × 3600 + 30 × 60 = 66600. ஆனால் அப்படிப்பட்ட முழு எண் சுழியத்தில் தொடங்கக் கூடாது என்பதால் 06:30 தப்பித்துவிடுகிறது. அதாவது காலை 10 மணி முதல் வரும் நேரங்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை. காலை நேரத்தை வைத்துச் சோதித்துவிட்டு 'சரி, வேலை செய்கிறது' என்று ஒருவர் எழுந்து போனால் அவரைக் குறை சொல்லவே முடியாது. 2009-இல் வந்த 1.2 இந்த வழக்கத்தைக் கைவிட்டது. பையாமல் இன்னும் 1.1 வழியில்தான் போகிறது, ஹோம் அசிஸ்டென்ட் நிற்பதோ அதன் மேல். யாமல்லின்ட் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதன் கணக்கில் பிழை எதுவும் இல்லையே.

அதே நிரலில் வேறு சிலவற்றையும் போட்டுப் பார்த்தேன். 1.10 என்ற பதிப்பு எண் 1.1 ஆனது. அலாரத்துக்கு வைக்கும் 0123 என்ற ரகசிய எண் சுழியத்தில் தொடங்குவதால் எட்டடிமான எண்ணாகப் படிக்கப்பட்டு 83 ஆனது. இதற்கு யாமல்லின்ட்டில் விதி இருக்கிறது, ஆனால் நாமாகத்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். ஆன், ஆஃப் என்பவற்றை ஆங்கிலத்தில் வெறுமனே எழுதினால் மெய், பொய் மதிப்புகளாகிவிடும். அதற்கு மட்டும் கேட்காமலே எச்சரிக்கை வருகிறது.

தமிழில் எழுதும் செய்தி வரிகளையும் சோதித்தேன். 'கவனம்: தொட்டி காலி' என்பதை மேற்கோள் இல்லாமல் போட்டால் உடனே பிழை, முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இருப்பதால் அதை இன்னொரு பெயர்-மதிப்பு ஜோடி என்று நினைத்துக்கொள்கிறது. பிழை வந்தால் திருத்திவிடலாம். 'தொட்டி #2 காலி' என்று எழுதினால் பிழையே வராது; # முதல் எல்லாம் குறிப்புரை என்று வெட்டப்பட்டு, 'தொட்டி' மட்டும் மிஞ்சும். எந்தத் தொட்டி, அதற்கு என்ன ஆயிற்று? செல்போனைப் பார்க்கிறவர் மாடி ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சின்ன முட்டுக்கட்டையும் வந்தது. கடவுச்சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து, அங்கிருந்து எடுக்கச் சொல்லும் ஆச்சரியக்குறிச் சொல் ஹோம் அசிஸ்டென்ட்டுக்கே உரியது. வெறும் பையாமலுக்கு அது என்னவென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஏதாவது ஒரு பொய்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்ததும் ஓடியது.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: கிட்டில் சேர்க்கும் முன் யாமல்லின்ட் தானாக ஓடும், அடுத்து என் நிரல், மேற்கோள் இல்லாமல் எழுதி எண்ணாகிப்போன நேரங்களைத் தேடும், கடைசியாக ஹோம் அசிஸ்டென்ட்டிலேயே இருக்கும் அமைப்புச் சரிபார்ப்பு. இந்தக் கடைசிச் சோதனை தேவையான பகுதிகள் விடுபட்டிருந்தால் சொல்லும், ஆனால் இல்லாத ஒரு விளக்கின் பெயரை எழுதியிருந்தால் கண்டுகொள்ளாது. ஓடிக்கொண்டிருக்கும் ஹோம் அசிஸ்டென்ட்டிடம் கேட்டால் அதனிடமுள்ள எல்லாச் சாதனங்களின் பட்டியலையும் தரும். அதை என் கோப்பில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அடுத்து எடுக்கப் போகிறேன்.